இரண்டாவது பிரேக்

திரையில் ஒரு கார் வேகமாக வளைவில் திரும்புகிறது. என் பக்கத்து இருக்கையில் மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, வலது காலால் தியேட்டர் தரையை அழுத்தி அதை நிறுத்தப் பார்க்கிறார். பஸ்ஸிலும் இப்படித்தான். முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வெளியே ஒரு ஹாரன் கேட்டால் போதும், கால் தானாகப் போய்விடும். அவருடைய செருப்பில் வலது மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது.

தொழில் அப்படி. டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் இவர் மிதிப்பார். மாஸ்டர் தன் ஆயுசில் பாதியை அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தே கழித்தவர். அவர் வீட்டு மேல்மாடியில் குடியிருக்கும் எனக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். என்னால் அவருக்கு எவ்வளவு நரைத்தது என்பதை அவரே தெருவெல்லாம் சொல்லிவிட்டதால் நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டியோடு வாழ்க்கையையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்பார். சந்தோஷம் என்றால் என்ன என்பதில் அவருக்குத் துளிச் சந்தேகமும் கிடையாது. "காலைல கிளம்பினவன் சாயங்காலம் முழுசா வீடு வந்து சேர்ந்தான்னா, அதான் சார் சந்தோஷம். மத்ததெல்லாம் எதிர் வண்டி லைட்டு மாதிரி. கண்ணு கூசும், அவ்வளவுதான்."

நல்ல செய்தி வந்தால்தான் அவருக்குப் பயம். மகளுக்கு வேலை கிடைத்தபோது வீடே சிரித்துக்கொண்டிருக்க, அந்த ஆபீஸ் கட்டடத்தில் தீப்பிடித்தால் இறங்க இன்னொரு படிக்கட்டு உண்டா என்று விசாரித்தவர் அவர். யாராவது விழுந்து விழுந்து சிரித்தால், "மெதுவா, மெதுவா" என்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். மாஸ்டருக்கு வெளிச்சமும் பேய்தான்.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்கு இந்தத் தத்துவத்தில் சம்மதமில்லை. "ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகலன்னே சந்தோஷப்பட்டுட்டு இருந்தா, கடைசில ஒண்ணுமே ஆகாம முடிஞ்சிடும்" என்று ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னார். கார் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று அக்கா கேட்காத வருஷமில்லை. ஊருக்கே கற்றுக்கொடுத்தவர், கட்டின மனைவிக்கு மட்டும் மழை விடட்டும், வெயில் தாழட்டும் என்று நாளைக் கடத்தினார். எனக்குப் பொறுக்கவில்லை, ஒருமுறை கேட்டேவிட்டேன். மாஸ்டர் வண்டிக் கண்ணாடியில் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"மத்தவங்க தப்புப் பண்ணா கால் தானா போகும் சார். அவ தப்புப் பண்ணா பயத்துல கால் வராதோன்னு இருக்கு."

அதற்குப் பிறகு அவர்மேல் கோபப்பட முடியவில்லை.

அக்கா காத்திருந்தது போதும் என்று வேறொரு ஸ்கூலில் சேர்ந்து, லைசென்ஸ் வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டார். மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கற்றுக்கொடுத்தது யார் என்று மட்டும் கேட்டார். போன ஞாயிற்றுக்கிழமை, மலைமேல் இருக்கும் மகள் வீட்டுக்குத் தானே ஓட்டிப் போவதாகவும், வர முடிந்தால் வரலாம், இல்லாவிட்டால் தனியாகவே போவதாகவும் அக்கா அறிவித்தார். மிரட்டலாகச் சொல்லியிருந்தால் மாஸ்டர் சமாளித்திருப்பார். சாதாரணமாகச் சொன்னதுதான் அவரை உலுக்கிவிட்டது. இனி ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று வழியனுப்பிவிட்டு, போன் எப்போது வரும் என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அது அவருக்குப் புரிந்துவிட்டது. கிளம்பும்போது என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். யாருக்குத் துணை என்று சொல்லவில்லை.

அது வீட்டுக் கார். அதில் ஒரே ஒரு பிரேக்தான், அதுவும் அக்காவின் காலடியில். பக்கத்தில் உட்கார்ந்த மாஸ்டர் பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். அவர் பிடரி வேர்ப்பது பின்சீட்டிலிருந்து எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவர் கால் ரப்பர் விரிப்பை அழுத்திக்கொண்டே வந்தது. ஏற்றத்தின் பாதியில், மேலிருந்து ஒரு லாரி நடுரோட்டில் இறங்கி வந்தது. "பிரேக்கு" என்றார் மாஸ்டர். வராது என்று பயந்த கால் வந்துவிட்டது. மிதித்த மிதியில் விரிப்பு சுருண்டது. மிதிக்கப் பிரேக்தான் இல்லை.

அக்கா அதற்கு முன்பே ஓரம் கட்டி நிறுத்தியிருந்தார். லாரி உரசாமல் இறங்கிப் போனது.

"பாத்துட்டேங்க" என்றார் அக்கா.

பிறகு அந்த ஏற்றத்தில், வண்டி துளியும் பின்னால் உருளாமல் கிளப்பினார். என்னால் இன்றுவரை முடியாத காரியம். கொஞ்ச தூரம் போனதும் மாஸ்டர் குனிந்தார். செருப்பைக் கழற்றினார். இரண்டு கால்களையும் தூக்கி, சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார். ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியை மட்டும் விடவில்லை.