உறுதி அம்மாவின் பெயரில் இருந்தது

பதுளையில், ஸ்பிரிங்வெளி ரோட்டோரம் இருந்த எங்கள் வீட்டை விற்பதா வேண்டாமா என்ற பேச்சு ஐம்பத்தொன்பதில் தொடங்கி இரண்டு வருஷம் நீண்டது. அப்பா தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்தவர். தோட்டத்தில் எல்லோருக்கும் மருந்தையா. நாற்பத்தொன்பதில் நிலம் வாங்கி, வருஷத்துக்கு ஒரு சுவர் என்று எழுப்பி, ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த வீட்டுக்குக் குடிவந்தோம். மூன்று அறை, தகரக் கூரை. நான் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். இருபத்திரண்டு வயது.

நாட்டில் தமிழருக்கு எதிரான கலவரம் நடந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அதன் பிறகு தெருவில் இரண்டு குடும்பங்கள் வந்த விலைக்கு விற்றுவிட்டு இந்தியாவுக்குப் போயின. இந்திய வம்சாவளி என்பதால் நாங்கள் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுப் பல வருஷம், பதிலே இல்லை. திருச்சிப் பக்கத்திலிருந்து அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, "இங்கே வந்துவிடுங்கள், கையில் பணம் இருந்தால் நல்ல நிலம் கிடைக்கும்" என்று மாதம் தவறாமல் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் தரகர் வருவார். ஒரு வாரம், "இப்ப வித்தாத்தான் உண்டுங்க, இன்னும் எறங்கும்" என்பார். அடுத்த வாரம், "கொஞ்சம் பொறுங்க, ஏறப்போவுது" என்பார். அப்பா இரண்டையும் நம்பினார். திங்கட்கிழமை விற்பதாக இருக்கும். வியாழக்கிழமை வேண்டாம் என்றாகிவிடும். முன்னறையில் வாடகைக்கு இருந்தவர் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்; யாழ்ப்பாணத்துக்காரர். அப்பா அவரிடமும் கேட்டார்.

"விக்கிறதெண்டா இப்பவே வித்துப்போடுங்கோ ஐயா. நானே இடமாத்தம் கேட்டு எழுதியிருக்கிறன்" என்றார் அவர்.

அப்பா என்னிடமும் கேட்டார். விற்கலாம் என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. எனக்குத் திருச்சியைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. பிள்ளைகளுக்கு அரிச்சுவடி எழுதிப்போட்டே காலம் போய்விடுமோ என்ற பயம் வேறு. அம்மா அந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் அடுப்படியில் இருப்பாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள், கோப்பைகளை எடுத்துப் போவாள்.

அறுபத்தொன்றின் தொடக்கத்தில் நல்ல ஆள் ஒருவர் வந்தார். வெலிமடைச் சிங்களவர், லொறியில் உருளைக்கிழங்கு ஏற்றி விற்பவர். மனைவியையும் கூட்டிவந்தார். அந்தப் பெண் வீடு முழுக்க நடந்து பார்த்தாள். பின்னறைச் சுவரைக் கையால் சாண் போட்டு அளந்து, கட்டிலை எங்கே போடலாம் என்று புருஷனிடம் காட்டினாள். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விலை பேசி முடிந்தது. அப்பா அன்றே மாமாவுக்குக் கடிதம் எழுதினார்.

கையெழுத்துப் போட, பத்திரம் எழுதும் நொத்தாரிசின் கந்தோருக்கு எல்லோரும் போனோம். நொத்தாரிசு நிலத்தின் பழைய உறுதிப் பத்திரத்தைப் பிரித்து வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, உறுதி உங்கட பேர்லதானே இருக்கு. உங்களுக்கு விக்க விருப்பமா?"

அப்பாவுக்கே அது மறந்து போயிருந்தது. அம்மாவின் சங்கிலியையும் வளையல்களையும் விற்றுத்தான் நிலத்தை வாங்கியது. அதனால் அவள் பெயரிலேயே எழுதியிருந்தார்கள்.

"இப்பதாங்கய்யா ஒருத்தர் என்கிட்ட கேக்குறீங்க" என்றாள் அம்மா. "எனக்கு ஒரு வாரம் வேணும்."

அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. வெலிமடைக்காரர் மட்டும், "பரவாயில்ல, நோனா யோசிச்சு சொல்லட்டும்" என்று தமிழில் சொல்லிவிட்டு எழுந்தார்.

அந்த வாரத்தில் ஒருநாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். தோட்டத்தில் நாங்கள் முன்பு இருந்த ஆஸ்பத்திரி வீட்டுக்குப் போனோம். புது மருந்தையாவின் மனைவி நல்ல மாதிரி. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். அம்மா வளர்த்த கறிவேப்பிலை மரத்தை வெட்டிவிட்டு அங்கே கோழிக்கூடு வைத்திருந்தார்கள். கோழி எத்தனை முட்டை இடுகிறது என்று அம்மா விசாரித்தாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாள்: "தோட்டத்து லயத்துல, ஒத்த அறையில பொறந்தேன். கல்யாணமாகி பதினெட்டு வருசம் அந்த வூட்டுல இருந்தேன். ஒங்க அப்பா வேலை முடிஞ்சதும் மூணே நாள்ல காலி பண்ணச் சொன்னாங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா."

"இந்தியாவுக்குப் போனா தம்பி வூட்டுல ஒரு மூலையில இருக்கணும். எந்திரிச்சுப் போன்னு யாரும் சொல்ல முடியாத வூடு எனக்கு இது ஒண்ணுதான். நான் விக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்து அதையே அப்பாவிடமும் சொன்னாள். அப்பா அவளை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"ரெண்டு வருசமா ஏன் இதச் சொல்லல?"

"நீங்க கேக்கலையேங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. நான்கைந்து நாள் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை. அவள் சொன்னதில் தப்பில்லை என்பது புரிந்திருந்தது. அதற்காகக் கோபம் குறைந்துவிடவில்லை.

அப்பா வெலிமடைக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். மூன்று மாதத்தில் அந்த மனிதர் எங்கள் பக்கத்து வீட்டை, எங்களுக்குச் சொன்னதைவிடக் குறைந்த விலைக்கு வாங்கினார். கேள்விப்பட்ட அன்று அப்பா சோறு சாப்பிடவில்லை. "நல்ல ஆளை விட்டுட்டோம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். விலை இன்னும் இறங்கியது. தரகர் வருவதை நிறுத்தினார். அந்தச் சிங்களப் பெண்ணும் அம்மாவும் ஆளுக்குப் பத்து வார்த்தையை வைத்துக்கொண்டு வேலிக்கு மேலே மணிக்கணக்காகப் பேசினார்கள்.

பிரஜாவுரிமைக்கான பதில் அறுபத்திரண்டில் வந்தது. மனு நிராகரிக்கப்பட்டிருந்தது. அப்பா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, அப்பீல் எழுத என்னிடம் தாளும் பேனாவும் கேட்டார். அம்மா என்ன என்று விசாரித்தாள். சொன்னேன். "எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, பின்னறைக்குச் சீமெந்துத் தரை போட வந்திருந்த மேசன் பாஸிடம் கூலி பேசப் போனாள்.