சிவப்பு வாய் முதலை

களுவாஞ்சிக்குடிப் பக்கத்துக் கடைப் பலகைகளில் பாதி என் கை எழுதியது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறிய வயதில் ஒரு முழ உயர எழுத்தைக் கோடு பிசகாமல் எழுதினேன். லொறிக்குக் கழுகு, சலூன் கதவுக்கு மீசைக்காரன், எல்லாம் நானாகப் பழகியதுதான். யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் யாரையும் குறை சொல்ல விட்டதுமில்லை.

சென்ற மாரியில் எங்கள் பாலர் பாடசாலை ரீச்சர் வந்து, சுவரில் ஒரு முதலை கீறித் தரச் சொன்னார். வாவிக்கரைப் பள்ளி அது. நாங்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். அந்த மாதம் துறையடியில் ஒரு நாயும் ஒரு ஆட்டுக்குட்டியும் முதலைக்குப் போயிருந்தன. முதலையைக் கண்டால் பிள்ளைகள் கரைக்கு ஓடவேண்டும், அதற்கு ஒரு படம் வேண்டும் என்றார்.

மூன்று நாள் இருந்து ஒரு பெரிய தாளில் பென்சிலால் வரைந்து நிறம் தீட்டினேன். இரத்தச் சிவப்பில் பிளந்த வாய், எண்ணி வைத்த பல், இமை மயிர், கண்ணுக்குள் வெள்ளைப் பொட்டு. ரீச்சர் அதைக் கொடிக்கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, வந்திருந்த தாய் தகப்பன்மாரைப் பார்த்து, "ஆளுக்கு ஒரு நல்லதும் ஒரு குறையும் சொல்லணும்" என்றார். முப்பது அடி உயர மூங்கில் சாரத்தில் ஏறி நின்று எழுதியவன் நான். அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்க முடியாமல் கதவடிக்குப் போனேன்.

எல்லாரும் நல்லதைத்தான் சொன்னார்கள். கடைசியில் வீச்சுவலைக்காரன் ஒருவன் எழும்பினான். அவனுடைய மகளும் அங்கேதான் படித்தாள்.

"பல்லு நல்லாரிக்கி அண்ணன். ஆனா இப்பிடி வாயப் பொளந்துக்கிட்டு ஆத்துக்குள்ள ஒரு முதலையும் வாறல்ல."

"மறுகா என்னண்டு வரும், பொட்டு வச்சிக்கிட்டா?" என்றேன்.

சனம் சிரித்தது. அவன் விடவில்லை. "தேங்காப் பொச்சுமட்ட மிதக்கிற மாதிரித்தான் வரும். கண்ணும் மூக்கும் மட்டும்தான் தெரியும்."

"பொச்சுமட்டயக் கீறவா என்னக் கூப்பிட்டாங்க? நீ வலயப் பாரு தம்பி, நான் பிரஷப் பாக்கன்."

இரண்டு நாளில் சுவர் முழுக்க என் முதலை நின்றது. பார்த்தவர்கள் எல்லாரும் போனில் படம் எடுத்தார்கள்.

ஒரு கிழமை போயிருக்கும். துறையில் ஒரு தோணிக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டு வந்த வலைக்காரனின் மகள், தகப்பனைத் தேடி வந்தவள், கணுக்கால் தண்ணீரில் நின்று காலைக் கழுவினாள். தலையை நிமிர்த்தியபோது அவளுக்கு அப்பால், ஒரு தோணி நீளத் தூரத்தில், தண்ணீர் மட்டத்தில் மரக்கணு மாதிரி இரண்டு முண்டு தெரிந்தது. காற்று வடக்கே போக, அது கரையைப் பார்த்து வந்தது.

பிரஷைப் போட்டுவிட்டுக் கத்தினேன். "புள்ள, முதல. இஞ்சால வா."

அவள் திரும்பிப் பார்த்தாள். வடிவாகத்தான் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அது முதல இல்ல தாத்தா. முதலைக்குச் சிவப்பு வாய் எலுவா இருக்கும்."

அந்த இரண்டு முண்டும் தாழ்ந்தன. தண்ணீரில் ஒரு வளையமும் இல்லை. நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. அவளைக் கையில் பிடித்து இழுத்ததில் சட்டைக் கை கிழிந்தது. மேட்டில் ஏறி நின்று பார்த்தோம். ஒன்றுமே இல்லை, வெறும் ஆறு. அவள் சட்டைக்காக அழுதாள். பெயின்ட் பேணி கவிழ்ந்து தோணியடியில் நீலம் ஓடிக்கொண்டிருந்தது. சுவருக்கு முன்னால் இருந்து என் படத்தைப் பார்த்துப் பழகிய மற்றப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு தகப்பனிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவன் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். நான் பென்சிலை நீட்டினேன். "நீ கண்டத நீயே கீறு."

கீறினான். "இது முதலயா, லொறிர முன் லைட்டா?" என்றேன். "கண்ண இவ்வளவு தூரத்துல வச்சா நடுவுல ஆளே படுக்கலாம். கிட்டக் கொண்டு வா."

கண்ணை நானே திருத்திக் கீறினேன்; கை பழக்கத்தில் பொட்டும் வைத்தது. "சரி, நீங்க அந்த வெள்ளப் பொட்ட எடுங்க அண்ணன். அதுதான் அதச் சிரிக்க வைக்கிது."

முப்பது வருடமாக எந்தக் கண்ணிலும் நான் விடாமல் வைத்த பொட்டு அது. எடுத்தேன். அவன் சொன்னது சரி.

பழைய முதலையை வெள்ளையடித்து, சுவர் முழுக்கக் கலங்கல் தண்ணீர் தீட்டினேன். அதில் ஓர் ஓரமாக இரண்டு கண், கொஞ்சம் தள்ளி மூக்கு. பிள்ளைகளைக் கூட்டிவந்து நிறுத்தினோம். "ஒண்டுமில்ல" என்றார்கள். வலைக்காரனின் மகள் கிட்டப் போய்த் தேடினாள். கண்டவள் பின்னுக்கு நடந்து ரீச்சரின் சீலையைப் பிடித்தாள்.

இப்போது ரீச்சருக்கு ஒரு குறை இருக்கிறது. பிள்ளைகள் அந்தச் சுவர்ப்பக்கம் இருந்து சாப்பிடுவதில்லையாம். "கொஞ்சம் பயத்தக் குறைக்க ஏலாதா ஐயா?" என்று கேட்டார். பிரஷோடு போனேன். ஆள் இல்லாத வகுப்பில் அந்தக் கண்ணுக்கு முன்னால் நின்றேன். கீறியவன் நான்தான், எனக்கே முதுகு கூசியது. ரீச்சர் சொன்ன குறை உண்மை. திருத்தாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.