கல்யாணப் பஸ்ஸும் ஒரு சென்சாரும்

வேலையில் என் எதிரே உட்காருகிறவளுக்குக் கல்யாணம். வாலாஜாபாத்தில் மாலை வரவேற்பு.

ஒரகடத்தில் நாங்கள் இருந்த கம்பெனி, டீசல் வண்டிகளின் புகையைச் சுத்தம் செய்யும் பெட்டிகளைத் தயாரித்தது. அந்தப் பெட்டிக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக, புகையின் சூட்டை அளக்க இரண்டு சென்சார்கள் உண்டு. சோதனையில் தேறாமல் திரும்பி வரும் பெட்டிகளில் கெட்டது சென்சாரா, ஒயரா என்று கண்டுபிடிப்பதுதான் எனக்கும் அவளுக்கும் வேலை. நான் திருநெல்வேலிப் பக்கம், அவள் உள்ளூர்க்காரி. ஒருத்தி பேச்சை ஒருத்தி கேலி பண்ணியே எங்கள் ஷிப்ட் ஓடிவிடும்.

அன்றைக்கு முதல் ஷிப்ட் முடிந்ததும் ஹாஸ்டலுக்கு ஓடிக் குளித்து, பட்டுச்சேலை கட்டி, ஒருத்திக்கு ஒருத்தி பூ வைத்து, வாடகை பஸ்ஸில் ஏறினோம். பஸ் முழுக்கப் பெண்கள். ஒரே பாட்டும் கூத்தும். ஒரகடம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டிரைவருக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. பஸ் சோர்ந்துபோனது. கேரியரில் புல்லுக்கட்டு வைத்திருந்த ஒரு சைக்கிள்காரர் எங்களை நிதானமாக முந்திக்கொண்டு போனார்.

டிரைவர் ஓரங்கட்டினார். "இன்னாம்மா பண்றது, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. போன வாரம்தான் பொகைக்குழாயில சென்சார் ஒண்ணு புதுசா மாட்டினாங்க. மறுபடியும் அதே நம்பரு காட்டுது."

எட்டிப் பார்த்தேன். தினமும் நாங்கள் பார்க்கிற கோளாறு நம்பர்தான். புகைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சென்சார் சொல்லும் சூடு நம்பும்படி இல்லை என்று அர்த்தம். அப்படியானால் எஞ்சின் தானாகவே தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளும்.

தாமதமாகும் என்று சொல்லத்தான் மணப்பெண்ணுக்குப் போன் போட்டேன். அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் எடுத்தாள்.

"ஏட்டி, நாங்க வழியில நிக்கோம். பஸ்ஸு நகர மாட்டேங்கு. பின் சென்சாராம்."

"புதுசு மாட்டியுமா அதே நம்பரு?" முழுக்கதையும் கேட்டுக்கொண்டாள். "அப்போ சென்சார் மேல பழி போடாத. ரெண்டையும் அளந்து பாரு. மீட்டர் வச்சிக்கிறியா?"

மீட்டர் இருந்தது. ஆனால் மினுமினுப்புத் தாளில், ரிப்பன் கட்டி இருந்தது. எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே மல்டிமீட்டருக்காக நாங்கள் போடாத சண்டை இல்லை. அதனால் கல்யாணப் பரிசாக அவளுக்கென்று ஒன்று வாங்கியிருந்தேன்.

"உன் கிஃப்ட்டைப் பிரிக்கப் போறேன்."

"மீட்டரா வாங்கிக்கினு வர்ற? அடிப்பாவி!" என்று சிரித்தவள் உடனே, "பிரி, பிரி, சீக்கிரம்" என்றாள்.

சேலையை இடுப்பில் தூக்கிச் செருகினேன். டிரைவர் பக்கவாட்டுக் கதவைத் திறந்து சென்சார்களின் ஒயர் கனெக்டர்களைக் கழற்றித் தந்தார். போனை ஒரு தோழி என் காதோடு பிடித்துக்கொண்டாள். இன்னும் நாலைந்து பேர் தங்கள் பட்டன் போன்களின் வெளிச்சத்தைக் காட்டினார்கள்.

"சூடு எவ்ளோ வருது? ரெண்டும் ஒரே சூடா?" மணப்பெண் அந்தப் பக்கம் கத்தினாள்.

சூட்டுக்கு ஏற்றபடி மாறும் எண், மீட்டரில் இரண்டு சென்சாருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. "ஒரே சூடுதான்."

"அப்போ சென்சார் ரெண்டும் நல்லாக்கீது. ஒயர்ப் பக்கம் பின்னைப் பாரு."

பார்த்தேன். பின் சென்சாருக்குப் போகிற கனெக்டரில், ஊசி மாதிரி இருக்கும் உலோகப் பின் ஒன்று மட்டும் உள்ளே தள்ளிப்போய்க் கிடந்தது. போன வாரம் சென்சாரை மாற்றியவர் அழுத்தி மாட்டியபோதே பின்வாங்கியிருக்க வேண்டும். சில நேரம் பட்டும் சில நேரம் படாமலும் இருந்திருக்கிறது. தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, உள்ளே இருந்த சின்னப் பூட்டை நிமிர்த்திவிட்டு ஒயரைப் பின்னாலிருந்து அழுத்தினேன்.

டிக்.

போனிலேயே அவளுக்குக் கேட்டுவிட்டது. "உக்காந்துச்சா?" என்றாள். "உக்காந்துட்டு!" என்று நான் சொல்வதற்குள் பஸ்ஸே கூச்சல் போட்டது.

டிரைவர் கனெக்டர்களைத் திரும்ப மாட்டிவிட்டு, வண்டியை அணைத்து அணைத்துப் போட்டார். விளக்கு பிடிவாதமாக எரிந்தது, பிறகு அணைந்தது. பஸ் பாய்ந்தது. கொஞ்ச தூரத்தில் அந்த சைக்கிள்காரரைப் பிடித்துவிட்டோம். ஜன்னல் ஜன்னலாகக் கை ஆட்டினோம். அவரும் ஒரு கையை எடுத்து ஆட்டினார்.

மண்டப வாசலில் மணப்பெண்ணின் அத்தை ஒரு சொம்போடு நின்றிருந்தார்.

"யாருக்கும்மா ஜுரம்? பொண்ணு போன்ல சூடு எவ்ளோ, சூடு எவ்ளோன்னு கேட்டுக்கினே இருந்துச்சே. கஷாயம் வச்சிக்கினு எவ்ளோ நேரமா நிக்கிறேன்."

நாங்கள் வாசலிலேயே விழுந்து விழுந்து சிரித்தோம். டிரைவர்தான், "பஸ்ஸுக்கும்மா. இப்போ எறங்கிடுச்சு" என்றார். அந்த அம்மாள் ஏமாந்துபோய் நிற்பதைப் பார்த்து, சொம்பை வாங்கி அவரே கஷாயத்தைக் குடித்தார்.

டிரைவரையும் மேடைக்கு இழுத்துக்கொண்டு போனோம். வீடியோக்காரர் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருக்க, மணப்பெண் என் கறுத்துப்போன விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "எந்தப் பக்கத்து பின்னுடி?" என்றாள். சொன்னேன். மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பறம் சொல்றேங்க" என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

பந்தியில் எங்களுக்குத் தனிக் கவனிப்பு. ஐஸ்கிரீம் மட்டும் இரண்டு கப் சாப்பிட்டேன்.