நிலவறையில் ஒரு மடக்கு

நிருபர் வேலையில் விருந்துக்கு அழைப்பு வந்தால் சாப்பாடு ஓட்டல்காரருடையது, அஜீரணம் நம்முடையது. இந்தத் தொழிலில் நொந்துபோன சக ஜீவன்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு தமிழ் நாளிதழில் தலைமை நிருபராக இருந்தேன். கோவளம் பக்கம் ஒரு ஓட்டல் தரைக்கடியில் நிலவறை கட்டி, போர்ச்சுகல் மதுவைப் பீப்பாய் பீப்பாயாக இறக்கியிருந்தது. சுற்றிப் பார்க்கவும் ருசி பார்க்கவும் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார்கள்.

ஆசிரியரின் உத்தரவு

எங்கள் ஆபீசில் ருசியைப் பற்றி எழுதத் தெரிந்தவர் சுப்பாமணி ஒருவர்தான். கரமனை அக்கிரகாரத்துக்காரர். கோயில் பாயசம், கல்யாண ரசம் என்று வாராவாரம் எழுதுவார், படித்தால் பசிக்கும். ஆனால் மோரைத் தவிரப் புளித்த எதையும் குடித்தறியாதவர். ஆசிரியர் அவரையே போகச் சொன்னார். "குடிச்சுப் பார்த்துத்தான் எழுதணும், கேட்டு எழுதினா தெரிஞ்சிடும்" என்று ஒரு நிபந்தனை வேறு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முடியாது என்று சுப்பாமணியால் சொல்ல முடியவில்லை. துணைக்கு நான் போனேன்.

வழியெல்லாம் அவருக்கு ஒரே கவலை, மனைவி கமலத்தைப் பற்றி. பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அவ மூக்கு பொல்லாத மூக்கு சார். இந்த வாசனை பட்டா இன்னிக்கு எனக்கு ஆத்துல இடம் கிடையாது, கேட்டேளா."

வாளி

நிலவறையில் வரிசையாகப் படுத்திருந்தன மரப்பீப்பாய்கள். சுற்றிக் காட்டியவர் ஜோஸ் என்ற கொல்லத்துக்காரர். எங்களுக்காகத் தமிழில் முயன்றார்: "இது சாதா வைன் அல்ல சாரே. புளிச்சு முடியறதுக்கு முன்னே பிராந்தி சேர்க்கும். அதுகொண்டு மதுரமும் உண்டு, வீரியமும் உண்டு." சுப்பாமணி முகம் மாறாமல் குறித்துக்கொண்டார். பரவாயில்லை, ஆள் தேறிவிட்டார் என்று நினைத்தேன்.

அப்புறம் ஜோஸ் ஒரு வாய் உறிஞ்சி, கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, பளபளவென்றிருந்த ஒரு வாளியில் துப்பினார். ருசி பார்ப்பதற்கு அதுதான் முறையாம். வாளி கைமாறி வந்தது. நானும் முறைப்படி உறிஞ்சித் துப்பினேன். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. வாளியைச் சுப்பாமணியிடம் நீட்டினேன். பேயைப் பார்த்தவர் போலப் பின்வாங்கிப் பீப்பாயில் முட்டிக்கொண்டார். என் காதோரம் வந்து கேட்டார்: "ஊரே துப்பினதை மூஞ்சிக்கு நேரே நீட்டறேளே, உங்களுக்கெல்லாம் ஆத்துல யாரும் ஒண்ணும் சொல்லித் தரலையா?"

ஒரே மடக்கு

கரமனை வீடுகளில் டம்ளர் உதட்டில் படக் கூடாது. தண்ணீரோ காப்பியோ, தலையை அண்ணாந்து உயரத்திலிருந்து ஊற்றிக்கொள்வார்கள். வாய் வைத்துக் குடிப்பதற்குச் சீப்பிக் குடிப்பது என்று பெயர், அது எச்சில். இதை நான் ஜோஸிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

சுப்பாமணி கண்ணாடிக் கோப்பையின் காம்பைப் பிடித்து உயர்த்தினார். அண்ணாந்தார். ஊற்றினார். "பதுக்கே சாரே, பதுக்கே!" என்று, மெதுவாகக் குடிக்கச் சொல்லி ஜோஸ் அலறுவதற்குள் கோப்பை காலி. சட்டையில் மட்டும் சிவப்பாக ஒரு கோடு. ஓட்டல் மேனேஜர் நாற்காலியைத் தேடினார். ஒரு வெள்ளைக்காரர் தன் வாயில் இருந்ததைத் துப்ப மறந்து விழுங்கிவிட்டார். கண்ணில் நீர் வழிய நின்ற சுப்பாமணியிடம், எப்படி இருக்கிறது என்று பயந்துகொண்டே கேட்டேன். யோசித்துச் சொன்னார்: "வெல்லப்பாகு கொஞ்சம் முத்திப்போச்சு சார், மத்தபடி குத்தம் சொல்றதுக்கில்லை."

கரமனை வாசல்

ஆட்டோவில் அவரைக் கொண்டுபோய் இறக்கினேன். கமலம் வாசலிலேயே நின்றார். முதலில் சட்டையைப் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார். சுப்பாமணி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார். அது மதுவாலா பயத்தாலா என்று சொல்லத் தெரியவில்லை.

"குடிச்சேளா?"

"ஆபீஸ் உத்தரவுடி. தூக்கித்தான் குடிச்சேன்."

"சீப்பலையே?"

"சத்தியமா இல்லை. அவாதான் எல்லாரும் சீப்பி, ஒரே வாளியில துப்பினா."

கமலத்தின் முகத்தில் அப்போதுதான் அதிர்ச்சி தெரிந்தது. மெதுவாக என் பக்கம் திரும்பினார். "நீங்களுமா?"

நாளிதழில் இருந்து பழகிய வாய், உண்மையைச் சொல்லிவிட்டேன். ஒரு சொட்டுகூட விழுங்கவில்லை என்பதையும் பெருமையாகச் சேர்த்துக்கொண்டேன். கமலம் கதவை அகலத் திறந்து, நடுவில் நின்று தீர்ப்புச் சொன்னார்: "குடிச்சவர் குளிச்சுட்டு உள்ள வரட்டும், துப்பினவர் அந்தக் குழாயண்டை போய் நன்னா வாய் கொப்பளிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்."

தொழிலுக்காகக் குடித்தவரை வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள், தொழிலுக்காகக் குடிக்காமல் வந்தவன் குழாயடியில் நின்றான். நிருபர் வேலை என்பது இவ்வளவுதான், சக ஜீவன்களே.