வலது காதுக்காக வேண்டினேன்

ஒரு காலையில் எழுந்தபோது என் வலது காதில் இரைச்சல் மட்டுமே இருந்தது. சளி என்று நினைத்தேன். அந்த வாரம் முடிவதற்குள் அந்தக் காது முழுதாக அடைத்துப்போனது. ஊசி, மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் டாக்டர், "இனித் திரும்புவது கஷ்டம்" என்றார்.

நான் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்க்காரி. பாலக்காட்டில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தேன். ஒரு காது போனாலும் சத்தம் கேட்கும். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது தெரியாது. ஒரு மதியம் மானிட்டர் அலறியது. நான் இடப்பக்கக் கட்டிலுக்கு ஓடினேன். அலறியது வலப்பக்கம். உடன் இருந்த தோழி பாய்ந்துபோய்ப் பார்த்ததால் நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதோடு அந்த வேலையை விட்டேன்.

முருகன் படத்தின் முன் விழுந்து அழுதேன். "காதை மட்டும் திருப்பிக் கொடப்பா." கிருத்திகை தவறாமல் விரதம் இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கோபத்தில் விளக்கேற்றுவதைக்கூட நிறுத்திவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மின்வாரியத்தில் வேலை பார்க்கும் என் கணவருக்கு மலைமேல் இருக்கும் சித்திரபுரத்துக்கு மாற்றல் வந்தது.

"ஏனுங்க, இந்தக் காத வெச்சுட்டு அந்தக் குளிர்ல வந்து நான் என்னங்க பண்றது?"

"அங்க என்னதான் இருக்குதுன்னு போயிப் பாப்பமே, அம்மிணி" என்றார்.

போனோம். வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் வேலை கிடைத்தது. ஆனால் அங்குள்ள தேயிலை எஸ்டேட் ஜனங்களின் தமிழ் எங்கள் பக்கத்துத் தமிழ் இல்லை. பாதி கேட்காது, கேட்ட பாதி புரியாது. அதனால் பேசுபவர் வாயையே பார்ப்பேன். போகப்போக அதில் எனக்கு ஒரு ஆர்வமே வந்துவிட்டது. எந்தச் சொல்லுக்கு உதடு குவிகிறது, எதற்கு ஒட்டுகிறது? வீட்டில் டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். கணவர் சிரிப்பார்.

சென்ற ஐப்பசியில், அடைமழையில், சுப்புத்தாய் அம்மாள் வீட்டுக்குப் போனேன். தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல் போனவர். எழுதத் தெரியாது, கையிலும் வலுவில்லை. மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் கஞ்சி. மருமகள் முத்துலட்சுமி வாசலிலேயே அழுதாள்.

"சிஸ்டர், அத்தைக்கு உசுரு மேல ஆசை விட்டுப்போச்சு. கஞ்சி ஊத்துனாலே குழாயப் புடுங்கப் பாக்குறாக. கையக் கட்டிப் போடச் சொல்றாக எல்லாரும். எனக்கு மனசு வரல."

உள்ளே போகுமுன் நின்றேன். பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுக் கூப்பிட்டேன். "முருகா, இந்தம்மா மனசுல என்ன இருக்குதுன்னு எனக்குக் காட்டு."

கட்டிலருகே உட்கார்ந்து அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தேன். உதடு அசைந்தது. வெறும் நடுக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுபடி அசைந்தது. அது நடுக்கமில்லை, பேச்சு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"நெஞ்சு எரியுதா, அம்மா? எந்திரிச்சு உக்காரணுமா?"

அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. ஆம் என்று தலையாட்டினார்.

எழுப்பினால் வலிக்குமே என்று பயந்து, முத்துலட்சுமி படுத்த நிலையிலேயே ஊற்றிக்கொண்டிருந்தாள். கஞ்சி மேலே எதுக்களித்திருக்கிறது. அது நுரையீரலுக்குள் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து. முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து, மெதுவாக ஊற்றினோம். கை குழாயின் பக்கமே போகவில்லை.

"அப்ப, எங்கத்தைக்குச் சாகணும்னு இல்லையா?" என்று கேட்டு முத்துலட்சுமி அவரைக் கட்டிக்கொண்டாள்.

அன்று மாலை வீட்டில் விளக்கேற்றினேன்.

அடியார்களே, என் வலது காது இன்றுவரை கேட்கவில்லை. அதை மறைத்து நான் சாட்சி சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அந்த வாசலில் நான் கேட்டது அப்போதே கிடைத்தது. இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் போகும்போது, இன்று எதைக் காட்டப்போகிறானோ என்ற ஆவலோடுதான் படியேறுகிறேன். உங்கள் வேண்டுதலும் நிறைவேறாமல் கிடக்கலாம். கோபமிருந்தால் கோபமாகவே அவனிடம் பேசுங்கள். பேச்சை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.