பத்துப் பெட்டி, ஆறு திறப்பு விழா

ஊரில் கரண்டு வேலை பார்க்கும் ஒயர்காரர், கண்ணாடித்தாளின் ஒரு மூலையைத் திரையில் பதித்து, சுருட்டிய கைக்குட்டையால் மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே போவார். ஒரு குமிழ் விழாது. புதுக் கணினியோடு வந்த அந்தத் தாள் இதுவரை நான்கு முறை உரித்து நான்கு முறை ஒட்டியாகிவிட்டது. "படிச்சவனை ஒட்டச் சொல்லு பார்ப்போம். அம்மை போட்ட மாதிரி கொப்புளமா நிக்கும்" என்பார்.

வணிகர் சங்கமும் கல்லூரியும் பள்ளிக்கூடங்களும் கைகோத்த திட்டம் அது. மேல்வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் கணினி அறிவியல் என்று மேடையில் முழங்குவார்கள். இருப்பதோ பத்தே கணினிப் பெட்டி. ஒரு பள்ளியில் ரிப்பன், போட்டோ, சுவரில் கல்வெட்டு. இரண்டு மாதம் கழித்து 'சர்வீசுக்கு' என்று லாரி ஏறும், அடுத்த பள்ளியில் புதுசாக இறங்கும். கல்வெட்டு மட்டும் பழைய சுவரிலேயே இருக்கும். ஏற்றுவது, இறக்குவது, மாட்டுவது எல்லாம் இவர்தான். லாரியும் இவருடையதுதான்.

ஐந்தாம் வகுப்போடு சரி. "பள்ளிக்கூடம் என்னை விடலை, நான்தான் அதை விட்டேன்." ரேடியோக் கடையில் ஈயப் புகை குடித்துத் தொழில் பிடித்தவர். வீடு கட்டினார், மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தார். பெரிய மாப்பிள்ளை இன்ஜினியர். அவர் வீட்டில் ஃபேன் நின்றால் மாமனாருக்குத்தான் போன் வரும். இதை மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே நாலு பேரிடம் சொல்வார். கணினிக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால், "உள்ளே நடக்கறது அது பாடு. கரண்டு என் பாடு."

ஆறாவது பள்ளியின் அழைப்பிதழில், கடைசி வரியில், 'தொழில்நுட்பக் கூட்டாளர்' என்று முதல்முறையாக அவர் பெயரை அச்சடித்திருந்தார்கள். முடிவெட்டுபவரிடம் காட்டினார், பாங்கு வாட்ச்மேனிடம் காட்டினார். விழா சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை ஐந்தாவது பள்ளிக்குப் பெட்டிகளை எடுக்கப் போனார்.

டீச்சர் வாசலிலேயே மறித்தார். "அண்ணே, செவ்வாய்க்கிழமை வரைக்கும் விட்டுவையுங்க. திங்கக்கிழமை செய்முறைத் தேர்வு. பெட்டி இல்லேன்னா மார்க் இல்லை. அடுத்த வருஷம் பாடத்தையே எடுத்துடுவாங்க."

"சங்கத்துக்குப் போன் போடுங்க டீச்சர்."

"போட்டேன். அதான் கல்வெட்டு இருக்கே, அப்புறம் என்னங்கறார் செயலாளர். நீங்க லாரி ரிப்பேர்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா மறுபேச்சு கிடையாது."

உண்மைதான். அவர் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு கிடையாது. நாற்பது வருஷமாக அவரே அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் லாரி நின்றால் நாளைக்கு விழா இல்லை. விழா இல்லையென்றால் அந்தக் கடைசி வரியை யார் மேடையில் வாசிப்பது?

"என் லாரி நின்னதா சரித்திரமே கிடையாது டீச்சர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஒன்பது பெட்டிகள் ஏறின. பத்தாவதன் முன்னால் ஒரு மாணவி திரையைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா அது?"

"என்னோட புரோகிராம் தாத்தா. ரெண்டு மாசமா செஞ்சது. தாளிலாவது எழுதிக் காட்டினா பாதி மார்க் போடுவாங்களாம்."

"அதுக்கு ஏன் கை ஒடிய எழுதறே? பென்டிரைவ்ல எடுக்க வேண்டியதுதானே?" மருமகன் வாயில் அடிக்கடி கேட்ட சொல் அது.

"அது போடற ஓட்டையெல்லாம் நீங்கதானே தாத்தா பசை வச்சு அடைச்சீங்க?"

சங்கம் சொல்லி அடைத்ததுதான். எதுவும் களவு போகக் கூடாதாம். நல்ல பசை. அவர் வைத்தால் பெயராது.

"இன்னும் பன்னெண்டு வரிதான் தாத்தா."

நின்றார். அவள் ஐந்து வரி எழுதினாள். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் தலை நிமிரவில்லை, பேனா மட்டும் வேகமாக ஓடியது. ஒயர்காரர் குனிந்து பெட்டியின் பின்பக்கம் வலது கையை விட்டார். ஒயரைப் பிடுங்குவதற்கு முன், இடது உள்ளங்கையை விரித்துத் திரையை மூடினார், குழந்தையின் கண்ணைப் பொத்துவதுபோல.