ஐந்து மணிவரை பறந்த ராக்கெட்

பெரியப்பா என்னை நம்பி ஒப்படைத்த ஒரே ஒரு வேலையை நான் ஒரு ராக்கெட்டுக்காகக் கோட்டை விட்டேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. வேலை இதுதான்: நாலரை மணிக்கு அம்மாவின் போனுக்கு ஓர் ஓடிபி வரும், உடனே பெரியப்பா கூப்பிடுவார், அந்த ஆறு இலக்கத்தையும் படித்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ஆறு இலக்கத்தில் என்ன தொங்கிக்கொண்டிருந்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்திச் சேவ் செய்திருந்தாள். முதலிடத்தில் கோயம்புத்தூர், இரண்டாவதும் கோயம்புத்தூர். பெரியப்பா அதைப் பார்த்துவிட்டார். அப்பா குவைத்தில் இருந்தார். "அண்ணன் பாத்துக்கிருவாரு" என்று போனில் சொன்னதோடு சரி. புதுக்கோட்டை போகிற வழியில் ஒரு கல்லூரி இருக்கிறது. அதன் பஸ் எங்கள் ஊர் முக்குவரை வரும். பெரியப்பாவுக்கு அது போதும்.

"பொம்பளப்புள்ள காலைல போனமா, சாயங்காலம் வீடு வந்தமான்னு இருக்கணும். அம்புட்டுத்தான்" என்றார். அக்கா எதிர்த்துப் பேசிப் பார்த்தாள், பிறகு அழுதாள், பிறகு இரண்டையும் நிறுத்திவிட்டாள்.

வரிசையை மாற்ற மறுநாள் மாலை ஐந்து மணிவரைதான் நேரம். பெரியப்பாவே இலுப்பூர் போய் மாற்றிவிட்டு வருவதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் கல்லூரிக்கு மனுப் போடுகிறவர்கள் யாரும் தாங்களாக எதையும் அழுத்துவதில்லை. பிரவுசிங் சென்டர்காரர் அழுத்துவார். ஓடிபி மட்டும் வீட்டிலிருக்கிற போனுக்கு வரும். வீட்டில் யாராவது சத்தமாகப் படிக்க, சென்டரில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் அதைக் கேட்பார்கள். அந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா கடலைக்காட்டில் களையெடுக்கப் போயிருந்தாள். அக்கா வீட்டில்தான் இருந்தாள். இருந்தும் பெரியப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதை எனக்குக் கிடைத்த மரியாதையாக நான் எடுத்துக்கொண்டேன்.

போன் கையில் இருக்கிறது, மணி மூன்றேகால், கேட்க ஆளில்லை. நான் ராக்கெட்டைத் திறந்தேன்.

அது ராக்கெட் கட்டிப் பறக்கவிடுகிற விளையாட்டு. டேங்க், எஞ்சின், மேலே மூக்கு மாதிரி ஒரு கேப்ஸ்யூல், எல்லாவற்றையும் விரலால் இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். ஏவிவிட்டால் புகை கக்கிக்கொண்டு கிளம்பும். கிளம்புவது பெரிய விஷயமில்லை. திரும்பி விழாமல் பூமியைச் சுற்ற வேண்டும். ஒரு மாதமாக நான் ஏவியது எல்லாம் விழுந்துகொண்டிருந்தது. என் வகுப்பு ஜாகிர் அவன் வாப்பாவின் டேப்லெட்டில் சுற்றுப்பாதையை எட்டிவிட்டான். எப்படி என்று கேட்டால் சொல்ல மாட்டான். நான் கெஞ்சியதில் வெள்ளிக்கிழமை ஒரே ஒரு வரி கிடைத்தது: "நேரா மேல போனா நேரா கீழதாண்டா வரும், கூமுட்ட. சாய்க்கணும்."

சாய்த்தேன். முதல் ராக்கெட்டைச் சீக்கிரம் சாய்த்துவிட்டேன். அது கடலுக்குள் போனது. இரண்டாவது, அடுக்கு கழன்றதும் குட்டிக்கரணம் போட்டது. மூன்றாவது அழகாகப் போனது. நீலம் கறுத்து நட்சத்திரம் தெரிகிற நேரத்தில், லோன் வேண்டுமா என்று ஒரு பெண் கூப்பிட்டாள். கட் பண்ணிவிட்டுத் திரும்புவதற்குள் ராக்கெட் தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் போனைத் தரையில் குத்தப்போனேன்.

அப்போதுதான் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த விளையாட்டைக் கண்டாலே போனைப் பிடுங்குகிற அக்கா.

"ஃப்ளைட் மோடுல போட்டுக்கடா. ஒருத்தரும் கூப்புட மாட்டாங்க" என்றாள்.

"நாலரைக்குப் பெரியப்பா கூப்புடுவாரே."

"அதுக்கு இன்னும் நேரம் கெடக்கு. மணிய நான் பாத்துச் சொல்றேன். நீ ராக்கெட்டப் பாரு."

விளையாட்டைத் திறந்தால் போனில் மணி தெரியாது. சுவர்க் கடிகாரம் என் முதுகுக்குப் பின்னால், அக்காவுக்கு நேர் எதிரே. எனக்கு இது சரியான ஏற்பாடாகத்தான் பட்டது. ஃப்ளைட் மோடில் போட்டேன்.

நான்காவது ராக்கெட்டை அவசரப்படாமல் கட்டினேன். கீழே இரண்டு டேங்க் கூட வைத்தேன். அக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்தாள். புழுதிக் காத்து அடிக்கிறது என்றாள். வெளியே ஓர் இலைகூட அசையவில்லை என்பதை நான் கவனித்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

"மணி என்னக்கா?"

"இருக்கு, இருக்கு."

ஏவினேன். அது விழுந்தது. ஐந்தாவதைக் கட்டினேன். மணி கேட்டேன். இருக்கு என்றாள். ஐந்தாவது கிளம்பியபோதே தெரிந்தது, இது வேறு ராக்கெட் என்று. மெல்ல மெல்லச் சாய்ந்தது. முதல் அடுக்கு சுத்தமாகக் கழன்று விழுந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு வரைபடத்தைத் திறந்தேன். பூமியிலிருந்து கிளம்பி வளைந்து மறுபடி பூமிக்கே வந்து குத்துகிற ஒரு கோடு. அதுதான் என் பாதை. அந்த வளைவின் உச்சிக்குப் போனதும் பக்கவாட்டில் எஞ்சினை மூட்டினால் கோட்டின் மறுமுனை பூமியை விட்டு எழும்பும். இரண்டு முனையும் சேர்ந்துவிட்டால் வட்டம். பிறகு விழாது. உச்சிக்குப் போகும்வரை ஒன்றும் செய்ய முடியாது, காத்திருக்கத்தான் வேண்டும். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. சட்டையில் துடைத்தேன். அக்காவும் தன் உள்ளங்கையைத் தாவணியில் துடைத்தாள்.

உச்சியைத் தொடும்போது சந்துக்குள் பெரியப்பாவின் பைக் சத்தம் கேட்டது. அந்த பைக்கின் சைலன்சர் ஓட்டை. எங்கள் தெருவில் யாருக்கும் குழப்பம் வராது.

நான் கடிகாரத்தைப் பார்க்கத் திரும்பப் போனேன். "அக்கா, மணி..."

"நீ அதப் பாருடா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

எஞ்சினை மூட்டினேன். எரிபொருள் கொஞ்சம்தான் இருந்தது. கோட்டின் முனை அசையவேயில்லை. கதவு தட்டப்பட்டது. "டேய்! போன என்னடா பண்ணித் தொலச்ச? எத்தன தடவ கூப்புடுறது?" கோடு லேசாக எழும்பியது. கதவு ஆடியது. "யாரு உள்ள? தாழத் தொற!"

அக்கா எழுந்து கதவுக்கு இந்தப் பக்கம் போய் நின்றாள். நின்றபடியே, கொஞ்சமும் குரல் நடுங்காமல் சொன்னாள்: "உடுப்பு மாத்திக்கிட்டு இருக்கேன் பெரியப்பா. ரெண்டு நிமிசம்."

தட்டல் சட்டென்று நின்றது. அதற்குமேல் அந்தக் கதவை எந்த ஆம்பிளையும் தட்ட முடியாது. பெரியப்பாவின் செருப்புச் சத்தம் வாசலை விட்டு இறங்கி ரோட்டுப் பக்கம் போவது கேட்டது. அங்கே நின்று, யாருக்கும் இல்லாமல் பொதுவாகக் கத்தினார்: "சீக்கிரம் ஆகட்டும்த்தா. நேரம் போகுது."

காலையில் உடுத்திய அதே பாவாடை தாவணியில், கதவில் முதுகைச் சாய்த்து அக்கா நின்றாள். என் ராக்கெட்டுக்காக அக்கா பொய் சொல்கிறாள். பெரியப்பாவிடமே சொல்கிறாள். இந்த உலகத்தில் யாருக்கு இப்படி ஓர் அக்கா இருப்பாள்?

டேங்க்கில் கடைசிக் கோடு சிவந்தது. பாதையின் முனை பூமியின் மறுபக்கத்தைத் தடவிக்கொண்டு போனது; தடவலும் நின்றது; வட்டம் மூடிக்கொண்டது. எஞ்சினை அணைத்தேன்.

"சுத்துதுக்கா" என்றேன், மெதுவாக.

அவள் என்னைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தாள். "இனி விழாதுல்ல?"

"விழாது."

இன்னும் கொஞ்சம் நின்றாள். பிறகு தாழை எடுத்தாள்.

பெரியப்பா உள்ளே வந்து போனைப் பிடுங்கி, ஃப்ளைட் மோடைப் பார்த்து, அதை எடுக்கத் தெரியாமல் என்னிடமே நீட்டினார். எடுத்ததும் மெசேஜ்கள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாம் செத்துப்போன நம்பர்கள். பெரியப்பா சென்டருக்குப் போன் போட்டார். புதிதாக ஒன்று வந்தது. நான் திக்காமல், தெளிவாக, ஆறு இலக்கத்தையும் படித்தேன். மறுமுனையில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சென்டர்காரர் சொன்னார்: "க்ளோஸ் ஆயிருச்சுண்ணே. அஞ்சு ஆயிருச்சு."

"ஃப்ளைட் மோடுல போடச் சொல்லி எவன்டா சொன்னது?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்காகக் கதவைச் சாத்தியவள். நானா அவளைக் காட்டிக்கொடுப்பேன்? "நானாத்தான்" என்றேன். இரண்டு அறை விழுந்தது. வாங்கிக்கொண்டபோது வலியைவிடப் பெருமைதான் கூடுதலாக இருந்தது. அக்காதான் அழுதாள்.

கோயம்புத்தூரே கிடைத்தது. கிடைத்த பிறகு வேண்டாம் என்றால் வருடமே போய்விடும் என்று அப்பா போனில் சொன்னார். பெரியப்பா கொஞ்ச நாள் விறைப்பாக இருந்தார். அப்புறம் வருகிறவர்களிடம் எல்லாம் அவரே சொல்ல ஆரம்பித்தார்: "இந்தப் பய ஒரு ராக்கெட்டு விட்டான்ய்யா. எங்க புள்ள கோயம்புத்தூர்ல போயி விழுந்துச்சு." எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் உள்ளே போய்விடுவேன். அக்காவை வீட்டை விட்டு அனுப்பியது நான்தான் என்று நினைத்து, அந்த மாதம் முழுக்க அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த வருடம் என் பட்டியலை அடுக்க அதே சென்டரில் போய் உட்கார்ந்தேன். மாற்றுவதற்கு இன்னும் நேரமிருக்கிறதா என்று கேட்டேன். "அஞ்சு மணிவரைக்கும் மாத்தலாம் தம்பி. மாத்தாட்டி, கடைசியா எதச் சேவ் பண்ணியோ அதுவே தானா லாக் ஆயிரும்" என்றார் அவர். பின்னால் ஆள் நிற்கிறது என்று அவர் சொல்லும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

அக்கா கிளம்பிய அன்று திருச்சி பஸ் ஏற்றிவிட இலுப்பூர் போயிருந்தோம். அம்மாவும் பெரியப்பாவும் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்குக் கீழே நின்று, மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்ததை ஒருவழியாகச் சொன்னேன்: "என்னாலதானக்கா நீ போற? மன்னிச்சுருக்கா."

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். பக்கத்து சீட்டு ஆத்தா திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்காமலே சிரித்தாள். ஒரு மனிதன் உண்மையாக மன்னிப்புக் கேட்கும்போது இப்படியா சிரிப்பது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பஸ் நகரும்போது தலையை வெளியே நீட்டி, "டேய், அந்த ராக்கெட்டு இன்னும் சுத்துதா?" என்று கேட்டாள்.

"சுத்தாம? எஞ்சினே தேவையில்ல. அது பாட்டுக்குச் சுத்தும்" என்றேன், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.